தண்ணி விஷயம்

கேக் செய்து விற்கும் கேக்காரம்மா கண்ணாடிக் கடைக்குள் நுழைந்து, கையிலிருந்த பெரிய அட்டைப் பெட்டியை மூக்குக்கண்ணாடிகள் அடுக்கியிருந்த மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். மூன்று அடுக்காக இருந்த கேக் ஒரே அடுக்காகச் சரிந்து கிடந்தது. கிரீம் வழிந்து, சர்க்கரைப் பூக்கள் ஒரு மூலையில் ஒண்டியிருந்தன, மழைக்கு ஒதுங்கிய கூட்டம் போல.

"என்னம்மா இது?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"உங்க கார் சார்."

அவரைத் தெருவே 'டாக்டர்' என்றுதான் கூப்பிடும். அவர் டாக்டர் இல்லை, ஆனால் திருத்தியதும் இல்லை. அப்போது அவர் முன்னால் ஒரு பருத்த மனிதர், கண் சோதனைக்கான கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு சுவரிலிருந்த எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார். கேக்காரம்மாவின் கணவன் வாசலோடு நின்றுவிட்டான்.

போன மாதம் கடைக்காரர் தன் பழைய காரை அவர்களுக்கு விற்றிருந்தார். கேக்குகளை மண்டபத்துக்குக் கொண்டுபோகத்தான் அவள் அதை வாங்கினாள். இன்று காலை, பாலத்தின் நடுவில், பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. கேக் வெயிலில் உருகுவதைக் கணவனும் மனைவியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இஞ்சினுக்குள் கசிவு, பிரித்துத்தான் பார்க்க வேண்டும், சனிக்கிழமைக்குள் முடியாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். சனிக்கிழமை இன்னொரு கல்யாணம். அதுவும் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மண்டபத்து மேனேஜர் போனில் சொன்னார். அவள் அடுப்பு எரிவதே அந்த மண்டபத்தை நம்பித்தான்.

"என் கண்ணு மாதிரி வெச்சிருந்த வண்டிம்மா அது," என்றார் கடைக்காரர்.

"அதான் பவர் குறைஞ்சு போச்சு."

பருத்த மனிதர் சிரித்தார். கடைக்காரர் அவர் கண்முன் வில்லையை மாற்றினார், கொஞ்சம் வேகமாகவே.

"இங்க பாருங்க. ஷோரூம்ல வாங்கியிருந்தா வாரண்டி கேக்கலாம். நான் தனி ஆள். பாத்தீங்க, ஓட்டினீங்க, பிடிச்சு எடுத்துட்டுப் போனீங்க. பழசுன்னு தெரிஞ்சுதானே வாங்கினீங்க?"

"பழசுன்னு தெரியும் சார். பழுதுன்னு தெரியாது."

"எனக்கும் தெரியாது. தெரிஞ்சு மறைச்சிருந்தா நீங்க கேக்கறது நியாயம். தெரியாததுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"அது சரிதானே," என்றார் பருத்தவர்.

"எழுத்து தெளிவா இருக்கா?" என்று கடைக்காரர் அவரைக் கேட்டார்.

"எழுத்து தெரியுது டாக்டர். உங்க முகம்தான் மங்கலா இருக்கு."

கேக்காரம்மா பெட்டியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள். "ஓட்டினவருக்குத் தெரியாம இருக்கவே முடியாதுன்னு மெக்கானிக் சொல்றான். பொய் சொல்லி எங்க தலையில கட்டிட்டு, இங்க உக்காந்து ஊருக்குக் கண்ணு பாக்கறீங்க."

கடைக்காரரின் காது மடல்கள் சிவந்தன. "யாரைப் பொய்யன்னு சொல்றீங்க? நான் சொல்லித்தான் குடுத்தேன். உங்க வீட்டுக்காரரையே கேளுங்க. தண்ணி விஷயத்துல மட்டும் கவனமா இருங்கன்னு சொன்னேனா இல்லையா?"

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். கணவன் தரையைப் பார்த்தான்.

"சொன்னார்."

"என்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அது காரைப் பத்தின்னு நினைக்கல."

"பின்ன?"

"என்னைப் பத்தின்னு நினைச்சேன்."

அவன் குடியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் சிலர் கை கொடுக்கும் சாக்கில் மோந்து பார்க்கிறார்கள். கார் பார்க்க வந்த அன்று அவள் பின்பக்கம் டேப்பை விரித்து, டிக்கியில் பெட்டி நுழையுமா என்று அளந்துகொண்டிருந்தாள். முன்னால் நின்ற அவனிடம்தான் கடைக்காரர் அதைச் சொன்னார். இங்கேயும் சேதி வந்துவிட்டதே என்று அவன் குன்றிப்போய், அதை விழுங்கிவிட்டான்.

பருத்தவருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"எந்தத் தண்ணின்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாயில இருக்கற முத்தா உதிர்ந்திடும்?" என்றாள் அவள் கணவனிடம்.

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா. சொல்றது என் கடமை. புரிஞ்சுக்கறது அவர் பாடு."

"இருங்க. இப்பதான் தெரியாதுன்னீங்க?"

"பொதுவாச் சொன்னேம்மா. எந்தக் காருக்கும் தண்ணி பாக்கணும்தானே?"

அவள் கணவனைக் கேட்டாள். "அவர் அப்படிச் சொன்னதும் நீங்க என்ன சொன்னீங்க?"

"அதெல்லாம் விட்டுட்டேன் சார்னு சொன்னேன்."

"அதுக்கு இவர்?"

"தோள்ல தட்டினார். ரொம்ப நல்லது, அப்படியே இருங்கன்னார்."

கடைக்காரரின் விரலிடையில் ஒரு வில்லை போக இடமில்லாமல் நின்றது.

"ரேடியேட்டருக்கு ஊத்தற தண்ணிய யாராவது விட்டுடுவாங்களா சார்?" என்றாள் கேக்காரம்மா.

பருத்தவர் தானே சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப டாக்டர்தான் நல்லாத் தண்ணி காட்டியிருக்கார்."

"நீங்க சும்மா இருங்க," என்றார் கடைக்காரர். கேக்காரம்மா பக்கம் திரும்பினார். "முதல்ல ரெண்டு பேர் வந்தாங்கம்மா. அவங்ககிட்ட வெளிப்படையாவே சொன்னேன். தினமும் காலையில ரேடியேட்டர்ல ஊத்தணும், கசியுதுன்னு. ரெண்டு பேரும் திரும்பிப் பாக்காமப் போயிட்டாங்க."

"அதனால எங்களுக்கு வார்த்தையக் குறைச்சுட்டீங்க. இவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டது தெரிஞ்சும் தட்டிக் குடுத்து அனுப்பிட்டீங்க. இவர் அவமானம் உங்களுக்கு வசதியாப் போச்சு." அவள் பெட்டியை மூடினாள். "இஞ்சினைச் சரி பண்றது உங்க செலவு. அதுவரைக்கும் வெளிய நிக்கற உங்க புது கார் என்கிட்ட இருக்கும்."

"முடியாது. கேஸ் போட்டுக்கோங்க."

"போடறேன். கண்ணு சோதிக்க வந்த இவரைச் சாட்சிக்குக் கூப்பிடறேன்."

பருத்தவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "நான் கண்ணு தெரியாதவன்மா." பிறகு கடைக்காரரைப் பார்த்து, "காது நல்லாக் கேக்குது டாக்டர். அதான் யோசிக்கறேன்," என்றார்.

கடைக்காரர் இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து மேசைமேல் போட்டார். அவள் அதை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள்.

"அவரா ஓட்டப் போறார்?" என்றார் கடைக்காரர்.

"அவர்தான்."

கணவன் சாவியை வாங்கிக்கொண்டு படியிறங்கினான். கடைக்காரர் பின்னாலேயே வாசல்வரை வந்தார். "ஒரு கீறல் விழுந்தாலும் நீங்கதான் பொறுப்பு, சொல்லிட்டேன்."

"ஏற்கெனவே இருக்கற கீறலை இப்பவே சொல்லிடுங்க," என்றாள் அவள். "ஒரே ஒரு அர்த்தம் இருக்கற வார்த்தையாப் பாத்து."

அவர் இறங்கி வந்து, குனிந்து, காரின் பின்கதவு அடியில் விரலை வைத்தார்.

"இங்க ஒண்ணு," என்றார்.

"வேற?"