ஜன்னலைச் சாத்தாத சாயங்காலம்

அப்பா கைகளைக் கூப்பியதும் மகள் பழக்கதோஷத்தில் ஜன்னலைச் சாத்த ஓடினாள்.

மாவு மில் இரைச்சலில் காதைத் தொலைத்தவர் அப்பா. தான் முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் குடும்பத்தின் குற்றங்களையெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி ஒப்புக்கொள்வார். "சாமி, ஒரே தையல் கடைய நடுவுல பலகை அடிச்சு ரெண்டாக்கிட்டோம். கூடப் பொறந்தவன்கிட்ட வருஷக்கணக்கா பேசாம இருக்கோம். எங்கள மன்னிச்சுடு." அவர் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. அடித்த அண்ணன்கள் இருவரும் மாடியில் ஒருவர், கீழே ஒருவராகக் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் ரேடியோவை நிறுத்திவிட்டு ரசித்துக் கேட்பாள். சத்தமாகப் பேசுகிறீர்கள் என்று அப்பாவிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

இன்று அவர் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். கட்டிலின் இந்தப் பக்கம் பெரியண்ணன், அந்தப் பக்கம் சின்னண்ணன். அப்பா மறுபடி முயன்று திணறினார். பிள்ளைகளுக்காக மன்னிப்புக் கேட்டு முடிக்காமல் இந்த மனிதர் நிம்மதியாகப் போகமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். பாதி சாத்திய ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு வந்து அவர் காதருகே குனிந்தாள்.

"சாமி! கோள் சொல்லிட்டோம்!" என்று கத்தினாள். "பெரியண்ணன் சொன்னத சின்னண்ணன்கிட்ட ஒண்ணுக்கு ரெண்டா சொல்லிட்டோம்!"

"அடிப்பாவி!" என்றான் சின்னவன்.

பெரியவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் குனிந்தான். "சாமி! பலகைய அடிச்சது நான்தான்!"

"பொய் சாமி! ஆணி வாங்கிட்டு வந்ததே நான்தான்!" சின்னவன் மறுகாதில் அலறினான். அலறியவன் நிமிர்ந்து, "கழட்டிடலாண்ணே" என்றான்.

"சுத்தியல் உன் பக்கம்தானடா இருக்கு?" என்றான் பெரியவன்.

எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. "எனக்கும் சேத்துக் கேளுங்கப்பா! இத்தனை வருஷமா ஒட்டுக்கேட்டுட்டேன்!"

மூவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததே இல்லை. காதருகே கத்தியதெல்லாம் அவருக்குக் கேட்டிருந்தது. விரலை மெல்ல உதட்டருகே கொண்டுபோய்க் கிசுகிசுத்தார்.

"மெதுவாடா… தெருவுக்குக் கேட்டுடப் போகுது."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. விளக்கு வைப்பதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. அவள் அழுதாள், அந்தப் பேச்சு நினைவுக்கு வந்து நடுவில் சிரித்தாள், மறுபடி அழுதாள்.

வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டுமே என்று அண்ணன்கள் வாசலை ஒட்டிய கடைக்குப் போனார்கள். சற்று நேரத்தில் பலகையிலிருந்து ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்துபோய் ஜன்னலின் மறு கதவையும் திறந்து வைத்தாள்.