லிஃப்ட் வாசலில் வெளுப்பு

லிஃப்டுக்கு முன்னால் விழுந்த வெள்ளை சிமெண்ட் அவள் கண்ணில் படாமலே இருந்திருக்கலாம். மூன்றாவது மாடியில் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் வாளியைத் தூக்கிப் போகும்போது சிந்தியது, நாலைந்து சொட்டுதான். கூட்டித் துடைக்கிறவளுக்குக் கண் சும்மா இருக்குமா? கக்கூஸ் கழுவும் ஆசிட்டை எடுத்து வந்து ஊற்றினாள். சுர்ரென்று நுரைத்தது. சிமெண்ட் போய்விட்டது. தண்ணீர் விட்டுத் துடைத்த பிறகு, கறுப்புக் கல் தரையில் ஒரு முறத்தின் அகலத்துக்கு வெளுப்பு. சிமெண்ட்தான் கரைந்து பரவிவிட்டது என்று நினைத்து மறுபடியும் ஊற்றி, கம்பி நாரால் தேய்த்தாள். வெளுப்பு அகன்றது. விடுவாளா, மூன்றாவது தடவையும் ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் வந்தார். வெளுப்பை மறைக்க அவள் போட்டிருந்த கால்மிதியைச் செருப்பு நுனியால் தள்ளினார்.

"என்னம்மா இது, தரைக்குத் தேமல் வந்திருக்கு?"

"போயிடும் சார்."

"திங்கக்கிழமை ஓனர் வர்றாரு. அதுக்குள்ள அது போகணும். அது போகலன்னா நீங்க போகணும். அந்த ரூமைக் கேட்டு ஆளுங்க நிக்கிறாங்க."

ரூம் என்றால் மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. நிமிர்ந்தால் தலை இடிக்கும். வேலையோடு சேர்ந்து வந்தது. அதில்தான் அவளும் புருஷனும் நாலு வருஷமாகக் கிடக்கிறார்கள். இருபத்தாறு வருஷம் கல் அறுத்து, கல் தேய்த்து, நெஞ்சு முழுக்கக் கல்மாவை வாங்கிக்கொண்டவன் அவன். வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் இருமல் சத்தம் கேட்டதுமே கதவைச் சாத்தினார்கள். இனிக் கல்லைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால்தான் அவனிடம் அவள் வாயைத் திறக்கவில்லை. சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவினாள். கல் கறுகறுவென்று ஆனது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சனிக்கிழமை சோப்புத் தண்ணீர் பட்டதும் வெளுப்பு மறுபடி பல்லைக் காட்டியது.

ஞாயிறு காலை அவனே பார்த்துவிட்டான். குந்தி உட்கார்ந்து நகத்தால் சுரண்டினான்.

"எத்தனை தடவைடி ஊத்துன?"

"மூணு."

"மூணா! கல்லோட குடும்பம் நடத்துனவன் பொண்டாட்டிடி நீ. என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?" சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. "இது கறையில்ல. ஆசிட்டு கல்லையே தின்னுருச்சு. துடைச்சா போகாது. தேய்க்கணும்."

"ஏங்க, டாக்டரு..."

"டாக்டரு வீடு குடுப்பாரா?"

பழைய சாக்கிலிருந்து தேய்ப்புக் கற்களை எடுத்தான். மிஷினை எப்போதோ விற்றாயிற்று. கையாலேயே, தண்ணீர் விட்டு விட்டு, முரட்டுக் கல்லில் ஆரம்பித்து நைஸ் கல் வரைக்கும் வந்தான். பத்துத் தேய்ப்புக்கு ஒரு தடவை தரையில் கையூன்றி மூச்சு வாங்கினான். அவள் தண்ணீர் ஊற்றினாள், சேற்றை வழித்தாள். மத்தியானச் சோறு அப்படியே ஆறியது.

சாயங்காலம் ஈரம் காய்ந்தபோது வெளுப்பு இல்லை. மையைக் கொட்டியது போல் கறுப்பு. அவள் கும்பிடாத குறை.

அப்போது வாசல் வழியாக வெயில் சாய்ந்து உள்ளே விழுந்தது. தேய்த்த இடம் மட்டும் கண்ணாடி போல் மின்னியது. சுற்றிலும், எத்தனையோ வருஷம் செருப்புகள் மிதித்துச் சாம்பல் பூத்த தரை. முன்பு கால்மிதியில் மறைந்த இடம், இப்போது வாசலில் கால் வைத்ததுமே கண்ணைக் குத்தியது.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப நல்லா பண்ணிட்டேன்டி," என்றான். "பழைய சட்டையில புதுத்துணி ஒட்டுப் போட்ட மாதிரி. இனி சுவத்துக்குச் சுவர் தேய்ச்சாத்தான் ஒண்ணாத் தெரியும்."

வாசலிலிருந்து லிஃப்ட் வரை நாற்பதடி. விடிந்தால் திங்கட்கிழமை.

"போதும், எந்திரிங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. முரட்டுக் கல்லை மறுபடி எடுத்து, மின்னுகிற இடத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தினான். கல்லைப் பிடுங்கப் பார்த்தாள். விடவில்லை. பக்கத்தில் அவன் துப்பிய எச்சில் சாம்பலும் சிவப்புமாகக் கிடந்தது. அதைத் துணியால் துடைத்தாள். தலையைக் குனிந்து பொந்துக்குள் போனாள்.

பாயைச் சுருட்டினாள். பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கத் தொடங்கினாள். வெளியே கல் தேயும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கும்போதெல்லாம் அவள் கையும் நின்றது. இருமல் வரும். மறுபடி கல் தேயும். அவள் அடுத்த பாத்திரத்தை எடுப்பாள்.