வேவு பார்க்க வந்த மச்சான்

என் மச்சான் டுவைட் கிவேலா அந்த ஜனவரியில் ஏரிக்கு வந்தது மீன் பிடிக்க அல்ல, என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க. அனுப்பியவள் என் மனைவி மார்லிஸ், அவனுடைய தங்கை.

காரணம் என் சர்க்கரை நோய். இலையுதிர் காலத்திலிருந்து நான் டோனட்டைத் தொடவில்லை, காபியில் சர்க்கரை போடவில்லை, மாத்திரையைத் தவறவிட்டதும் இல்லை. ஆனாலும் காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஏறியே இருந்தது. உறைந்த ஏரி மேல் குடிசை நிறுத்தி, ஐஸில் துளை போட்டு, நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பவன் உள்ளே என்ன தின்கிறான் என்று யார் கண்டது?

"ஆர்விட், நீ என்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்னு நினைச்சிருந்தேன்" என்றாள் மார்லிஸ். விரலில் குத்தும் ஊசியெல்லாம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

டுவைட் வந்ததும் வராததுமாகத் தூண்டில் பெட்டியைத் திறந்தான்.

"இதுல என்ன மச்சான்?"

"புழு. வேணும்னா தின்னு பாரு."

அடுப்புக்கு அடியிலும் குனிந்து பார்த்தான். சிரித்துவிட்டேன். மதியம் சூப் குடித்தோம். கணப்பின் சூட்டில் பலகையிலேயே தூங்கிப்போனேன். விழித்தபோது என் தோள்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

"மூச்சு விடுடா!"

"குறட்டைதானே? ஊருக்கே தெரியுமே."

"குறட்டை இல்லடா, குறட்டை நின்னுபோச்சு! செத்துட்டேன்னே நினைச்சேன். அப்புறம் தண்ணியில முங்கினவனாட்டம் இழுத்து ஒரு மூச்சு. மறுபடி நின்னுச்சு. உன் தங்கச்சி வந்து புருஷன் எங்கன்னு கேட்டா அவகிட்ட நான் என்ன சொல்றது?"

"அவ உன் தங்கச்சிடா."

"யாரா இருந்தா என்ன!"

என் குறட்டைக்குப் பயந்து மார்லிஸ் பல வருடங்களாக மாடியறையில்தான் தூங்குகிறாள். குறட்டை மாடிவரை கேட்டது. அது நின்றுபோவதைக் கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

சாயங்காலம் நாங்கள் வீடு திரும்பியபோது வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னண்ணா, அகப்பட்டானா?"

"அவன் ஒண்ணும் திங்கல மார்லிஸ். தூங்கறப்ப மூச்சே விட மாட்டேங்கறான். முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

தூக்கப் பரிசோதனையில் அது உறுதியானது. டாக்டரம்மா மார்லிஸைப் பார்த்துச் சொன்னார்: "மூச்சு நிக்கிறப்பல்லாம் உடம்பு மிரண்டுபோகுது. அப்போ ரத்தத்துல சர்க்கரை ஏறும், இன்சுலினும் சரியா வேலை செய்யாது. சர்க்கரை நோய் இருக்கிற நிறைய பேருக்கு இது இருக்கு, தெரியறதில்ல. இவர் பத்தியம் இருந்தும் குறையாததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். தூங்கறப்ப முகமூடி வழியா காத்தை உள்ளே தள்ளற மெஷின் இருக்கு, அதை மாட்டிக்கட்டும். ஆனா மாத்திரையை விட்டுடக் கூடாது."

மார்லிஸ் தன் கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐஸ் உருகும் நேரத்தில் காலைச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. பகலில் தூங்கி வழிவதும் நின்றது. கடைசியாகச் சிக்கிய பெரிய மீனை டுவைட்டிடம் கொடுத்தேன்.

"லஞ்சமா மச்சான்?"

"வேவு பார்த்ததுக்குச் சம்பளம். உன் உலுக்கலுக்கு இது போதாதுன்னு எனக்குத் தெரியும்."

அன்று ராத்திரி நான் முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தபோது, மார்லிஸ் தன் தலையணையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"உன்னை நம்பியிருக்கணும். கொஞ்சம் தள்ளிப் படு" என்றாள்.

முகமூடியின் குழாயை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுத் தள்ளிப் படுத்தேன்.