அப்பாவின் கல்லறைக்கு வாங்கிய மெழுகுவர்த்தி

“உங்க அப்பா என்ன வேலை பண்றாரு, சௌந்தரி?”

“அப்பா இல்ல.”

“இல்லன்னா?”

“இறந்துட்டாரு.”

1983இல், அம்பத்தூர் ஸ்டேஷனில் ஆவடி ரயிலுக்காக நின்றபோது நாங்கள் பேசிக்கொண்டது இது. கேட்டவர் கிறிஸ்துராஜ். ஆவடித் தொழிற்சாலையில் வேலை, நல்ல குடும்பம், அவருடைய அப்பா பள்ளித் தலைமையாசிரியர். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ரேடியோ பாகங்களைப் பற்றவைக்கும் வேலையில் இருந்தேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கியிருந்தேன்.

என் பதிலைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைச் சாப்பிடாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தன் அப்பாவையே இழந்ததுபோல நின்ற அந்த மனிதரிடம், சொன்னதைத் திரும்பப் பெற எனக்கு வாய் வரவில்லை.

அந்த நேரத்தில் என் அப்பா சேசடிமை, குமரிக் கடற்கரையின் கருமுனைத்துறையில் கட்டுமரத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்திருப்பார். அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே இறந்துபோனாள். ஒற்றை ஆளாக என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்தவர் அவர். விடுதிக்கு வந்த முதல் நாள் என் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அவர் கட்டிக்கொடுத்திருந்த நெத்திலிக் கருவாட்டின் வாசம் அறையெல்லாம் பரவியது. பக்கத்துக் கட்டில்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மறுநாளிலிருந்து நான் நாகர்கோயில்காரி ஆனேன். கடலையே சரியாகப் பார்க்காதவள் ஆனேன். கடைசியில் அப்பா இல்லாதவளும் ஆனேன்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்பு, பெண் மாப்பிள்ளை இருவருடைய கோயில்களிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். ‘இன்னாரின் மகள் இன்னாரை மணக்கப்போகிறாள், தடை இருந்தால் சொல்லுங்கள்’ என்று சாமியார் அறிவிப்பார். நான் எங்கள் ஊர்ச் சாமியாருக்கு மட்டும் கடிதம் போட்டேன். அப்பாவுக்கு ஒரு வரி எழுதவில்லை. ஊரே கூடியிருந்த பூசையில்தான் மகளின் கல்யாணம் அவர் காதில் விழுந்திருக்கும். அதன்பிறகு இன்னும் இரண்டு ஞாயிறு அதே வாசிப்பைக் கேட்டிருப்பார். தடை சொல்லவில்லை.

கல்யாணத்தன்று காலையில் பெண்ணைப் பெற்றவர் அவள் நெற்றியில் சிலுவை வரைந்து கோயிலுக்கு அனுப்ப வேண்டும். எனக்கு வரைந்தவர் கிறிஸ்துராஜின் பெரியப்பா. பாசமாகத்தான் வரைந்தார். ஆனால் ஐந்து வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் தீர்த்தம் தொட்டு நெற்றியில் கைவைக்கும்போது, அங்கே இருக்க வேண்டிய விரல் அதுவல்ல என்று உறுத்தும்.

1988 மே மாதம் அம்பத்தூரில் எங்கள் மேனாம்பேட்டுத் தெருவில் அம்பாசடர் ஓட்டும் வேம்புலியின் காரை எடுத்துக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போனோம். சூரிய உதயம் பார்த்துவிட்டு வந்ததும் கிறிஸ்துராஜ் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கல்யாணத்துக்காக எங்கள் ஊர்க் கோயிலிலிருந்து வந்த என் ஞானஸ்நானச் சான்றிதழ்.

“வேம்புலி, கருமுனைத்துறைக்கு விடுப்பா.”

“அங்க எதுக்குங்க?”

“இவ்ளோ தூரம் வந்துட்டு மாமா கல்லறையைப் பாக்காம போறதா? உன்கிட்ட சொல்லாம வச்சிருந்தேன்.” பையிலிருந்து மெழுகுவர்த்திப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். மேனாம்பேட்டிலேயே வாங்கியிருக்கிறார். மூன்று நாள் கார் வெயிலில் அவை வில்லாக வளைந்திருந்தன.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலைவலி என்றுதான் சொன்னேன். அவர் வழியில் நிறுத்தி மாத்திரை வாங்கிக்கொடுத்தார்.

மேற்கே போகப் போகக் கடற்கரை முரடாகிக்கொண்டே வந்தது. செம்மண் மேடுகள் மழையில் அரித்துப் பிளந்து கிடந்தன. அவற்றுக்குக் கீழே யானைக்கூட்டம் படுத்ததுபோலக் கரும்பாறைகள். அலை அவற்றின் இடுக்கில் புகுந்து ஆள் உயரத்துக்கு மேலே சீறியது.

“இன்னா சார் இது? ரோடு போட்டவன் பாதியில ஊட்டுக்குப் பூட்டான் போல கீது,” என்று வேம்புலி பிரேக் போட்டான். “இதுக்கு மேல வண்டி போவாது. நானும் வர மாட்டேன், எனக்கு நீச்சல் தெரியாது.”

“பாறை மேல நடக்க நீச்சல் எதுக்குய்யா?”

“வுழுந்தா தேவப்படும் சார்.”

கிறிஸ்துராஜ் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறைகளில் இறங்கினார். கோயில் அதோ தெரிகிறது, குறுக்கே நடந்தே போய்விடலாம் என்றார். சின்னப் பிள்ளைபோல ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்தார். நண்டைக் கண்டு கத்தினார். நான் பின்னால் நடந்தேன். என் பாதங்களுக்கு ஒவ்வொரு பாறையும் தெரிந்திருந்தது.

முன்னால் இருந்த பாறையில் பாசி படிந்திருப்பதைப் பார்த்தேன். அதில் கால்வைத்தால் கீழே அலையின் வாய்தான். எங்கள் ஊர்க் குழந்தைகூட மிதிக்காது. சொல்ல வாயெடுத்தேன். ‘உனக்கெப்படித் தெரியும்?’ என்று கேட்டுவிட்டால்? அந்த ஒரு நொடி பேசாமல் இருந்தேன். அதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

அவர் வழுக்கி விழுந்து பாறைச் சரிவில் சறுக்கிக்கொண்டு போனார்.

“ஏ மக்களே! அசையாத, பிடிச்சுக்க!”

மேலே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நான்கே எட்டில் இறங்கி வந்து, அடுத்த அலை வருவதற்குள் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைக் கிழித்து ரத்தம் வடிந்த முழங்காலில் கட்டினார். பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

தாடி முழுக்க வெளுத்திருந்தது. அப்பா.

“தெய்வம் மாரி வந்த நைனா!” என்று வேம்புலி மேலேயிருந்து கும்பிட்டான்.

“எங்கேருந்து வாறிய?” என்று அப்பா அவரைக் கேட்டார். பார்வை என்மேல் இல்லை.

“மெட்ராஸ் பக்கம் அம்பத்தூருங்க. என் வீட்டுக்காரி இந்த ஊர்ல ஞானஸ்நானம் வாங்கினவ. அவ அப்பா பேரு சேசடிமை. அவரு கல்லறையில மெழுகுவர்த்தி ஏத்தணும். எங்க இருக்குன்னு காட்டுவீங்களா?”

அலை மோதி எங்கள் மூவர்மேலும் தெறித்தது. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவனுக்குக் கல்லறை இல்ல மக்களே. கடலுக்குப் போனவன், திரும்பல.”

“எப்போங்க?”

“அஞ்சு வருசம் இருக்கும்.”

“எப்படிப்பட்டவரு?”

“சத்தமாப் பேசுவான். வேற குத்தமில்ல.”

எனக்காகத் தன்னையே சாகடித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துராஜின் கண்கள் கலங்கிவிட்டன. பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து, வளைந்த இடத்தை உள்ளங்கையில் உருட்டி நிமிர்த்தப் பார்த்தார்.

“அவரத் தெரிஞ்சவரு நீங்க. எங்க சார்பா கோயில்ல அவரு பேருக்கு ஏத்திடுங்க ஐயா.”

அப்பா மறுக்கவில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, தன் சாவுக்கான அந்த மெழுகுவர்த்தியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “பாத்துப் போங்க,” என்று திரும்பி நடந்தார்.

நான் அந்தப் பாறையிலேயே முழந்தாளிட்டேன்.

“அப்பா!”

அவர் நின்றார். கிறிஸ்துராஜ் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் தலையைக் குனியவில்லை. குனிந்தால் நெற்றி மறைந்துவிடும்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே கேட்டிருக்கணும். என் நெத்தியில சிலுவை போடுங்கப்பா.”