ஐநூறு முழம்

வீட்டுக்கடனைத் தவணைக்கு முன்பே அடைக்கப்போவதாக ஓக்கோ யான்சன் வங்கிக்குக் கடிதம் போட்ட செவ்வாய்க்கிழமையிலிருந்து, அவருடைய வீடு கடலை நோக்கி நாளுக்கு ஒரு முழம் நகர்ந்தது. எங்கள் ஃப்ரீஸ்லாந்துக் கரையில் காற்று கூரையையே தூக்கிப்போகும் என்பதால் முதல் வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தபால்பெட்டி தோட்டத்தில் தனியாக நின்றபோதுதான் பேச்சு கிளம்பியது.

ஓக்கோவுக்கு இதயம் பழுது. கண்மூடுவதற்குள் மனைவி கேஷேவிடம் கடனில்லாத வீட்டைக் கொடுக்க வேண்டும் என்று மீன்பிடிப் படகை விற்றிருந்தார். பத்து வருடம் முடிந்துவிட்டது, இனி முன்கூட்டி அடைத்தாலும் அபராதம் இல்லை என்பது அவர் கணக்கு. எங்கள் ஆட்கள் எதையும் பேசி முடித்துக் கைகுலுக்கிய நாளிலிருந்தே எண்ணுவார்கள். வங்கியோ கடன்பணத்தின் கடைசிப் பகுதியைக் கையில் கொடுத்த நாளிலிருந்து எண்ணும். வீடு கட்டும்போது கூரை ஓடு வரத் தாமதமானதால் அந்தப் பகுதி பதின்மூன்று மாதம் பிந்தி வந்திருந்தது.

வங்கியில் கடன் பார்க்கும் ஹில்கா தியாடன் நேரில் வந்து, கற்கண்டு போட்ட தேநீர் மூன்று கோப்பை குடித்துக்கொண்டே விளக்கினாள்.

"பத்து வருஷ வட்டிய நம்பித்தான் பணம் குடுத்தோம் ஓக்கோ. நடுவுல அடைச்சா வராமப் போற வட்டிய நீங்கதான் ஈடு கட்டணும். இன்னிக்கு ஒம்பதாயிரத்து ஐநூறு யூரோ. மாசாமாசம் கொறையும். பதின்மூணு மாசம், அப்புறம் நோட்டீஸ் குடுத்து ஆறு மாசம், மொத்தம் பத்தொம்பது மாசம் பொறுத்தா ஒரு காசு வேண்டாம்."

"வீடு?" என்றாள் கேஷே.

"கணக்கு தீந்தா நிக்கும்." ஹில்கா, போதும் என்பதற்கு அடையாளமாக, கரண்டியைக் கோப்பைக்குள் போட்டாள். அதற்குமேல் தேநீரும் இல்லை, பேச்சும் இல்லை.

பத்தொன்பது மாதம் என்றால் ஐநூற்று எழுபது நாள். கடல் அணைக்கரையோ ஐநூறு முழத்தில் இருந்தது.

"கடலையே தடுக்குற கரை, ஒரு வீட்டத் தடுக்காதா?" என்றார் ஓக்கோ.

கேஷே அப்படி நினைக்கவில்லை. வீடு கரையை முட்டி உடைத்தால் ஊரே தண்ணீரில் போகும். தினமும் காலையில் கயிறோடு இறங்கி அளந்தாள். அபராதம் குறையக் குறைய அலைச் சத்தம் கூடியது. அலமாரியில் கோப்பைகள் ஓயாமல் நடுங்கின. ஊரில் பலர் மாடுகளை உள்நாட்டுக்கு ஓட்டிவிட்டார்கள். அவளைப் பார்த்தால் வணக்கம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள்.

நானூற்றுத் தொண்ணூறாவது நாள், ஓக்கோ மருத்துவரிடம் போயிருந்தபோது, கேஷே இருவர் பெயரிலும் இருந்த கணக்கிலிருந்து மொத்தக் கடனையும் அபராதத்தையும் கட்டிவிட்டாள். கோப்பைகள் அடங்கின.

"அபராதம் ஆயிரத்து முந்நூறு யூரோ! இன்னும் எம்பது நாள் உன்னால பொறுக்க முடியலையா?" என்றார் திரும்பி வந்த ஓக்கோ.

"முடியல. பயமா இருந்துச்சு ஓக்கோ. உங்க கரை மேல எனக்கு நம்பிக்கை இல்ல."

"கெழவி, உன் பயத்துக்கு வெலை ரொம்ப ஜாஸ்தி" என்றவர் மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினார். கேஷே பணம் கட்டிய நாற்பத்து மூன்றாம் நாள், நாற்காலியில் அமர்ந்தபடியே இறந்துபோனார். அபராதமில்லாமல் அடைக்கக்கூடிய நாளுக்கு அப்போது இன்னும் முப்பத்தேழு நாள் இருந்தது.

வீடு கரைக்குப் பத்து முழம் தள்ளி நிற்கிறது. நகராட்சி புதிய கதவெண் கொடுத்துவிட்டது. தபால்காரர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக சைக்கிள் மிதிக்க வேண்டியிருக்கிறது.