சுக்கான் பிடிக்கத் தெரிந்தவன்

பழவேற்காட்டுக் கோட்டை ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில் தேசப்பனை யாராலும் தண்டிக்க முடியவில்லை. அவனுக்குச் சுக்கான் பிடிக்கத் தெரியும் என்பதுதான் காரணம். கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். சரக்கைச் சலங்கு என்னும் தையல் படகுகளில் இறக்கி, அலை முறியும் முகத்துவாரத்தைத் தாண்டி ஏரிக்குள் கொண்டுவர வேண்டும். மணல்திட்டு ஓயாமல் இடம் மாறும் அந்த முகத்துவாரத்தில் ஒரு மூட்டைகூட நனையாமல் படகை உள்ளே விடுகிறவன் தேசப்பன். மூட்டை நனையாதவரை யார் மண்டை உடைந்தாலும் கோட்டைக்கு அது காதில் விழாது.

முதலில் தனக்கோடி என்ற மீன்காரனின் தாடையைத் துடுப்பால் உடைத்தான். வலை போடும் இடத்தைப் பற்றிய தகராறு. தனக்கோடிக்கு அதன்பிறகு சாகும்வரை கஞ்சிதான். கோட்டைத் துரை தேசப்பனை வரவழைத்து, வேத புத்தகத்தில் ஒரு பக்கம் படித்துக் காட்டினார். துபாசி கங்காதரன் அதைத் தமிழில் சொன்னான். தேசப்பன் விம்மி விம்மி அழுதான். அவனுக்கு அழவும் நன்றாக வரும். துரையும் கண் கலங்கி அவனை வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த வருஷம் குடித்துவிட்டு, தனியாக இருந்த பொன்னியம்மாளின் குடிசைக்குத் தீ வைத்தான். மறுபடி வேத புத்தகம், மறுபடி கண்ணீர். இந்தத் தடவை பக்கம் கொஞ்சம் பெரியது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

தீ வைத்ததைப் பார்த்தேன் என்று கோட்டையில் போய்ச் சாட்சி சொன்ன ஒரே ஆள் பசியாவரத்து அர்ஜுனன். தீவுக்காரன், வாய் அதிகம் இல்லாதவன். அதற்குத் தேசப்பன் பதில் வைத்திருந்தான். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த அர்ஜுனனின் வலக்கையை மணிக்கட்டோடு வெட்டிப் போட்டுவிட்டு, சாவகாசமாகப் படகேறிப் போனான்.

அன்றுதான் பசியாவரத்தார் துப்பாக்கி எடுத்தார்கள். ஏரி வழியாக வரும் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து அந்தத் தீவில் பல வீடுகளில் நெருப்புத் திரியால் வெடிக்கும் திரித் துப்பாக்கி உண்டு. ஆண்கள் அவற்றோடு போய்த் தேசப்பன் வீட்டைச் சூழ்ந்து நின்றார்கள். ஒருவரும் சுடவில்லை. அவன் கைகளைக் கட்டி, தாங்களே கொண்டுபோய்க் கோட்டை வாசலில் ஒப்படைத்தார்கள்.

கோட்டை அவனைச் சிறையில் வைத்தது. பிறகு ஒரு கப்பல் வந்தது. அவன் வெளியே வந்தான்.

ஆனால் துரை அந்த விவகாரத்தைச் சும்மா விட்டார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடிமக்கள் ஆயுதத்தோடு ஊர்வலம் போனது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. தமுக்கு அடித்து, ஏரிக்கரையிலும் தீவுகளிலும் உள்ள எல்லாத் துப்பாக்கிகளையும் கோட்டையில் ஒப்படைக்கச் சொன்னார். கையை வெட்டியவன் வீட்டுக்குப் போனான். வெடிக்காத துப்பாக்கிகள் சிறைக்குப் போயின. அவற்றை வாங்கிப்போகச் சிப்பாய்களோடு வந்த கங்காதரன், ஆயுதம் கையில் இருந்தால் மனிதனுக்குக் கோபம் வரும், அதனால் துரை நம் கோபத்தை எடுத்துக்கொள்கிறார் என்று விளக்கினான்.

அர்ஜுனனின் அண்ணன் தசரதன் கேட்டான். "தேசப்பன் கத்தியையும் குட்த்துட்டானா?"

"கத்தி தொழிலுக்கு வேணும்பா. அதுல துரை தலையிட மாட்டாரு" என்றான் கங்காதரன்.

அர்ஜுனனின் மனைவி வேலம்மாவிடமும் கேட்டார்கள். கை வெட்டுப்பட்ட அன்றே துப்பாக்கி தண்ணீரில் விழுந்து போய்விட்டது என்றாள் அவள். சிப்பாய்கள் குடிசையை எட்டிப் பார்த்தார்கள். மூலையில் காய்ந்த வலைகள் குவிந்திருந்தன, நாற்றம் தாங்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்கள். துப்பாக்கி அந்த வலைக்கு அடியில் இருந்தது.

வேலம்மாவுக்குத் துப்பாக்கி என்றாலே நடுக்கம். தேசப்பன் சாராயக் கடையில் உட்கார்ந்து, அர்ஜுனனுக்கு இன்னொரு கை மிச்சம் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்ட பிறகுதான் அவள் அதைத் தொட்டாள். வெடிமருந்து எவ்வளவு, குண்டை எப்படி இறுக்குவது என்று அர்ஜுனன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். ஆண்கள் கடலுக்குப் போகும் நாளெல்லாம் அடுப்பில் கங்கு அணையாமல் பார்த்துக்கொண்டாள். இதற்கு நடுவே ஒருமுறை கோட்டைக்குப் போய்த் துபாசியிடம் முறையிட்டும் வந்தாள். ஒருவன் வாயால் சொன்னதற்கெல்லாம் தண்டிக்க முடியாது, அவன் ஏதாவது செய்யட்டும், பிறகு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவன் செய்ய வந்தது உச்சிப்பொழுதில். தீவில் அர்ஜுனனைத் தவிரப் பெண்களும் கிழவர்களும்தான் இருந்தார்கள். படகைக் கரையேற்றிவிட்டு, கத்தியை முதுகுப்பக்கம் செருகிக்கொண்டு நடந்து வந்தான். பெண்கள் கூச்சல் போட்டார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னா வேலம்மா, உன் புருசன் உள்ள கீறானா?" என்று வாசலில் நின்று கேட்டான்.

அர்ஜுனன் உள்ளே மண்டியிட்டு இருந்தான். துப்பாக்கியின் அடியைத் தோளில் அணைத்து, இடக்கையால் இறுக்கி, குழலை வெட்டுப்பட்ட கையின் மேல் தாங்கியிருந்தான். விசையை இழுக்க அவனுக்குக் கை இல்லை. வேலம்மா இடுக்கியில் ஒரு நெருப்புக் கங்கை எடுத்துப் பக்கத்தில் நின்றாள்.

"திரும்பிப் போயிடு. இங்க துப்பாக்கி கீது" என்றாள்.

தேசப்பன் சிரித்தான். துப்பாக்கிகள் எல்லாம் கோட்டையில் இருப்பது அவனுக்குத் தெரியும். கத்தியை உருவிக்கொண்டு குனிந்து உள்ளே கால் வைத்தான். வேலம்மா கங்கை மருந்தில் வைத்தாள்.

குண்டு அவன் வலது முழங்காலைச் சிதைத்தது. புகை அடங்கும்வரை வேலம்மாவுக்கு யார் அலறுகிறார்கள் என்றே தெரியவில்லை. அவனைக் கட்டிலில் போட்டுக் கோட்டைக்குக் கொண்டுபோனவர்கள் பசியாவரத்துப் பெண்கள்தான். துடுப்பு வலித்தவள் பொன்னியம்மாள்.

விசாரணையில் துரை துப்பாக்கியைப் பற்றி விடாமல் கேட்டார். எங்கே ஒளித்தாள், மருந்து யார் கொடுத்தது, கட்டளை காதில் விழவில்லையா. அந்த மனிதன் கத்தியோடு அவள் வீட்டில் என்ன செய்தான் என்று கேட்க மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. சுட்டது யார் என்றதும் அர்ஜுனன் வாயைத் திறந்தான். வேலம்மா முந்திக்கொண்டாள். நெருப்பு வைத்தது நான்தான் என்றாள். அவளுக்கு வேத புத்தகம் படிக்கப்படவில்லை. சாட்டையடி, பிறகு கப்பலில் ஏற்றி நாடு கடத்தல் என்று தீர்ப்பாயிற்று. அவளைச் சிறையில் அடைத்தார்கள்.

இதற்குள் கோட்டை வைத்தியர் தேசப்பனின் காலைத் தொடைவரை எடுத்துவிட்டார். ஆடும் படகில் ஒற்றைக்காலில் நின்று சுக்கான் பிடிக்க யாராலும் ஆகாது. அது உறுதியான அன்றே துரைக்கு நீதியின் கண் திறந்தது. தனக்கோடியின் தாடை, பொன்னியம்மாளின் குடிசை, அர்ஜுனனின் கை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இப்படிப்பட்ட கொடியவனை இத்தனை காலம் எப்படி வெளியே விட்டார்கள் என்று கங்காதரனிடம் கோபமாகக் கேட்டாராம். தேசப்பன் எப்போதும்போல் அழுதான். துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடல் கடந்து ஒல்லாந்தரின் நகரமான பத்தாவியாவுக்கு அவனைச் சங்கிலியில் அனுப்ப உத்தரவாயிற்று.

ஆனால் கப்பல் வந்து கடலில் நின்றபோது சரக்கைக் கொண்டுபோகவும் கொண்டுவரவும் ஆள் இல்லை. வேறு ஒருவனை வைத்துப் பார்த்தார்கள்; சலங்கு மணல்திட்டில் கவிழ்ந்து, கப்பலுக்குப் போன சிவப்புச் சாயத் துணியெல்லாம் ஏரியைச் சிவக்கவைத்தது. தேசப்பனுக்கு அடுத்து அந்த முகத்துவாரத்தை அறிந்தவன் தசரதன். கங்காதரன் அவனைத் தேடிப் பசியாவரத்துக்கே வந்தான்.

தசரதன் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "எங்க வூட்டுப் பொண்ணு வந்தா நானு வரேன்."

வேலம்மாவின் உடம்பில் சாட்டை படுவதற்குள் தீர்ப்பு மாறிவிட்டது. அவள் பேதைப் பெண், சட்டம் அறியாதவள், துரையின் கருணை பெரியது என்று கங்காதரன் கோட்டை வாசலில் உரக்கச் சொன்னான். துப்பாக்கியைத் திருப்பித் தரவில்லை.

படகில் ஏறுமுன் துரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகும்படி அவன் அவளை நெருக்கினான். மேலே சாளரத்தில் துரை அதற்காகக் காத்து நிற்பதாகச் சொன்னான்.

வேலம்மா அண்ணாந்து பார்க்கவில்லை. "அவனுக்குச் சுக்கான் புடிக்கத் தெரியும்னு அவனை வுட்டீங்க. என் புருசனோட அண்ணனுக்குத் தெரியும்னு என்னை வுட்டீங்க. இதுல உங்க துரை இன்னா பண்ணாருன்னு நான் கும்பிடணும்?"

தசரதன் படகைத் தள்ளினான். அவள் தண்ணீரில் இறங்குவதற்காகத் தூக்கிச் செருகியிருந்த சேலையைத் தளர்த்திவிட்டு, அர்ஜுனன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வீட்டில் துப்பாக்கி இல்லையே என்று அவன் மெல்லச் சொன்னான். மீன் விற்க வடக்கே போகும்போது வேறொன்று வாங்கி வரலாம் என்றாள் அவள், துபாசிக்கும் கேட்கும்படியாக.