வலித்தால் இடது கையைத் தூக்கவும்

பல் டாக்டர் கிட்டார் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததிலிருந்து கேட்ட கேள்விகளை மேடையில் வரிசையாக ஒப்பித்திருந்தாலே ஒரு கச்சேரி முடிந்திருக்கும். வாசிப்புதான் வரவில்லை.

அவர் மனைவிக்கு அந்தக் கேள்விகள் எல்லாம் மனப்பாடம். கிளினிக்கின் முன்னறையில் உட்கார்ந்து நோயாளிகளை ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது அவள் வேலை. வாரம் ஒரு மாலை, நோயாளிகள் போன பிறகு, கிட்டார் மாஸ்டர் அங்கேயே வந்து சொல்லிக்கொடுப்பார். டாக்டர் கிட்டாரை மடியில் கிடத்திக்கொண்டு ஆரம்பிப்பார். விரல் நுனி எரிகிறதே, எப்போது காய்த்துப்போகும்? நைலான் கம்பி போட்டால் வலிக்காதாமே? நாற்பதைத் தாண்டியவனுக்கு விரல் வளையுமா? என் விரல் கொஞ்சம் தடிமன், அதற்கென்று அகலமான கிட்டார் கிடைக்குமா? எத்தனை மாதத்தில் வரும்? மாஸ்டர் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: தினமும் கொஞ்ச நேரம் எடுத்து வாசியுங்கள். அந்தப் பதில் மட்டும் டாக்டர் காதில் ஏறவே இல்லை.

இதே மனிதர்தான், பல் தேய்க்க நேரமில்லை என்று மென்று விழுங்கும் நோயாளிகளை நாற்காலியில் சாய்த்துவைத்து வறுத்தெடுப்பவர். வாயைத் திறந்துவைத்திருப்பவர்களால் பதில் பேச முடியாது என்பதால் அவருக்கு உபதேசம் தாராளமாக வரும். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். அவர்களும் நம்பித் தூக்குவார்கள். "இதோ முடிஞ்சிடுச்சு, இதோ முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே அவர் பாட்டுக்குக் குடைவார். கை தூக்கி அவர் நிறுத்தியதாகச் சரித்திரம் கிடையாது. ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியும்.

மனுஷன் தன்னளவில் ஜம்பம் அடித்துக்கொண்டிருந்தால் அவள் கண்டுகொண்டிருக்க மாட்டாள். ஆனால் இப்போது மகளையும் இழுத்துவிட்டார். மகள் பள்ளி ஆண்டு விழாவில் முதல்தடவையாகத் தனியாகப் பாட ஒப்புக்கொண்டிருந்தாள். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லவே கூசுகிற பெண். பாட்டு டீச்சர் கீபோர்டு வாசிக்கத் தயாராக இருந்தார். டாக்டர் நேரே போய், அதெல்லாம் வேண்டாம், என் பெண்ணுக்கு நான்தான் கிட்டார் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அப்போது அவருக்கு எஃப் கார்டு என்கிற சுரக்கூட்டு வராது. ஒற்றை ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்த வேண்டிய கார்டு அது. பாட்டிலோ வரிக்கு ஒரு எஃப்.

விழாவுக்கு முந்தின நாள் அவள் உள்ளே எட்டிப்பார்த்தாள். நோயாளி நாற்காலியில் கிட்டார் சாய்ந்து படுத்திருந்தது. அதன் தலைக்கு நேரே விளக்கு. டாக்டர் முகமூடி போட்டுக்கொண்டு, பல்லைக் குடையும் மெஷினால், கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் சின்ன வெள்ளைக் கட்டையை ராவிக்கொண்டிருந்தார். கம்பி உயரமாக இருப்பதால்தான் விரல் வலிக்கிறது என்று ஏதோ வீடியோவில் பார்த்தாராம்.

"கடி கொஞ்சம் உயரமா இருக்கு. லேசா தேய்ச்சா உக்காந்துடும்" என்றார்.

"அது பல்லு இல்லீங்க" என்றாள் அவள்.

மாஸ்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரில் உள்ள கேள்வியெல்லாம் கேட்ட மனிதர், கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கட்டை ஏகத்துக்கும் தேய்ந்து, கம்பிகள் கீழே இறங்கிவிட்டன. அழுத்தாமல் விட்ட கம்பியெல்லாம் போத்தலுக்குள் மாட்டிய ஈ போல இரைந்தது. அழுத்தின கம்பிதான் சுத்தமாக ஒலிக்கும். அதாவது அந்தப் பாட்டில் இரையாமல் கேட்கக்கூடிய ஒரே கார்டு அவருக்கு வராத எஃப். இந்த அழகைச் சொல்லிச் சிரிக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. டாக்டர் அசரவில்லை. புதுப் பல் கட்டியவர்களிடம் சொல்வதையே கிட்டாருக்கும் சொன்னார்: ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் மகளிடம், டீச்சரையே வாசிக்கச் சொல்லிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டுப்பார்த்தாள். "அப்பா ஆசைப்படறாரும்மா" என்று மகள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். அவளுக்குப் புருஷன்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. குழந்தைக்குப் புரிகிறது, கிழவனுக்குப் புரியவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. பெற்றோரில் பாதிப் பேர் அவருடைய நோயாளிகள். மகள் நின்றாள், டாக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்கென்று தனி மைக் வேறு. முதல் வரியில் கம்பிகள் இரைந்தன. இரண்டாம் வரியில் எஃப்பைத் தேடி விரல்கள் அலைய, மகள் ஒரு சொல்லை நீட்டிப் பிடித்துக் காத்திருந்தாள். மூன்றாம் வரியில் மறுபடியும் காத்திருந்தாள், குரல் நடுங்கியது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். மனைவி இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டாள்.

அப்போது மகள், பாட்டை விடாமல், அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல், இடது கையைத் தூக்கினாள்.

டாக்டர் குனிந்து விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும்தான் ஓரக்கண்ணில் பட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாக முந்திக்கொண்டது.

"இதோ முடிஞ்சிடுச்சு" என்றது மைக்.

அரங்கம் குலுங்கியது. அவரிடம் பல்லைப் பறிகொடுத்தவர்கள் அத்தனை பேரும் பாக்கி வைக்காமல் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை, கையை இறக்கவும் இல்லை. டாக்டர் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கினார். இரைச்சல் நின்றது. மகள் கையை இறக்கி, முதலிலிருந்து பாட்டை எடுத்து, தன்னந்தனியாகக் கடைசிவரை பாடினாள். நடுக்கம் எங்கேயும் இல்லை. டாக்டர் மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவிக்கு அவரைப் பார்த்துத் துளியும் பாவமாக இல்லை. மகளைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

மறுநாள் காலை முதல் நோயாளி வங்கி மேனேஜர். அவள் அவரை உள்ளே அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இடது கையைத் தூக்கும்படி டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. மெஷின் இரைய ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பாதியிலேயே நின்றது.

"எங்க வலிக்குது?" என்று உள்ளே டாக்டர் கேட்டார்.